பழைய ரத்தச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

சிறுநீர் சிவந்து இறங்கினால் கடலோர நெம்மேலிப் பக்கத்தில் முதலில் சொல்லும் காரணம் சூடு. வெயிலில் வலை இழுத்த சூடு, சவுக்குத் தோப்பில் மரம் வெட்டிய சூடு. இளநீர் குடி, வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடி, தலைக்கு நல்லெண்ணெய் வை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். இரண்டு நாளில் சிவப்பு மறைந்துவிடும். வலியும் இருக்காது. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்துவிடும். சிறுநீரகப் புற்று தன் முதல் சேதியைப் பல நேரங்களில் இப்படித்தான் சொல்கிறது: வலியே இல்லாமல், வந்து மறையும் ரத்தமாக. பெரும்பாலான நேரம் அதைக்கூடச் சொல்வதில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தச் சேதியைப் புரிந்துகொள்ள இந்த ஊரில் வழி இருக்கவில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவே மணல்மேடும் சவுக்கும் குப்பமும். இன்று பளபளக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை அன்று இந்த அகலத்தில் இல்லை. உடம்புக்கு முடியாவிட்டால் திருப்போரூர் அல்லது மாமல்லபுரம். அங்கும் முடியாது என்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அந்தக் கல்லூரி 1965-இல் தொடங்கியது. அதற்கும் மேலே மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி, 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் உள்ள அரசு அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கடல் போயிற்று. கூட வரும் ஆளின் கூலியும் போயிற்று. ஆகவே தாங்க முடியாதபோதுதான் போனார்கள்.

தாங்க முடியாத நிலை என்பதற்கு அன்றைய மருத்துவப் புத்தகங்களில் ஓர் இலக்கணமே இருந்தது. சிறுநீரில் ரத்தம், விலாப்பக்கம் வலி, கைக்குத் தட்டுப்படும் கட்டி. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் சிறுநீரகப் புற்று என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றும் சேர்ந்து தெரியும்போது கட்டி பெரிதாகி, பல நேரங்களில் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவியும் இருக்கும். இன்று உலக அளவில் பத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்து காணப்படுகின்றன. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகக் கட்டி கண்ணில் படுகிறது. பித்தப்பைக் கல்லுக்கு எடுத்த ஸ்கேன், கர்ப்பப்பைக்கு எடுத்த ஸ்கேன், வேலையில் சேரும்போது எடுத்த முழு உடல் பரிசோதனை எனக் காரணம் எதுவாகவும் இருக்கும்.

அறுத்து எடுத்த பிறகு

சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றிய முதல் அறுவை 1869-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்தது. செய்தவர் குஸ்டாவ் சைமன். ஒரு சிறுநீரகத்தோடு மனிதர் வாழ முடியும் என்று அந்த அறுவை காட்டியது. புற்றுக்கு எப்படி அறுக்க வேண்டும் என்ற முறை உறுதிப்பட இன்னும் நூறாண்டு ஆயிற்று. சிறுநீரகத்தோடு அதைச் சுற்றியுள்ள கொழுப்பு, உறை எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக எடுக்க வேண்டும் என்று டொராண்டோவின் சார்ல்ஸ் ராப்சன் 1960-களில் எழுதினார். பல பத்தாண்டுகள் அதுவே உலகெங்கும் வழியாக இருந்தது. விலாவோரம் நீளக் கீறல், சில நேரம் ஒரு விலா எலும்பையும் சேர்த்து எடுப்பது, பத்துப் பதினைந்து நாள் படுக்கை.

அறுவை முடிந்ததும் வெளியே காத்திருக்கும் மனைவியிடமும் மகனிடமும் சொல்ல மருத்துவருக்கு ஒரே வாக்கியம்தான் இருந்தது: கட்டியை முழுசா எடுத்துட்டோம். இனி வராதுதானே என்று கேட்டால் பதில் சொல்ல வழி இல்லை. கட்டி எவ்வளவு பெரிது, உறையைத் தாண்டியதா, ரத்தக் குழாய்க்குள் புகுந்ததா என்று பார்ப்பார்கள். 1982 முதல் ஃபர்மன் தரவரிசை வந்தது; நுண்ணோக்கியில் செல்லின் கருவைப் பார்த்து ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரித்தார்கள். அவ்வப்போது மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓரிடத்தில் மட்டும் இருந்த கட்டியை முழுதாக எடுத்தவர்களிலும் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பின்னால் வேறிடத்தில் தலைகாட்டுகிறது. அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி. அன்று அதற்கு விடை தேடிய பெரும்பாலோர் ரத்தத்தைப் பெரிதாக எண்ணவில்லை.

இத்தனைக்கும் ரத்தம் எடுக்காமல் எந்த அறுவையும் நடந்ததில்லை. பழைய ஆய்வகத்தில் அதை அளந்த விதம் நினைவுகூரத் தக்கது. ஹீமோகுளோபினுக்குச் சாலி குழாய். அதில் நீர்த்த அமிலத்தை ஊற்றி, நுண்ணிய பிப்பெட்டில் வாயால் உறிஞ்சிய சொட்டு ரத்தத்தை விட்டு, பத்து நிமிடம் காத்திருப்பார் ஆய்வக நுட்பர். பிறகு காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பக்கத்தில் உள்ள பழுப்புக் கண்ணாடியின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வெள்ளை அணுக்களை நியூபார் கட்டங்களில் எண்ணுவார். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, நுண்ணோக்கியில் நூறு அணுக்கள் வரை எண்ணி, நியூட்ரோபில் இத்தனை, லிம்போசைட் இத்தனை என்று பிரித்து எழுதுவார். ஈ.எஸ்.ஆர். பார்க்க வெஸ்டர்கிரன் குழாயில் ரத்தத்தை நிரப்பிச் செங்குத்தாக நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று குறிப்பார். ஒரு நோயாளிக்கு ஒரு காலைப் பொழுது ஆகிவிடும்.

இத்தனை பாடுபட்டு எடுத்த எண்களுக்கு அன்று ஒரே பயன்தான்: இவருக்கு மயக்க மருந்து கொடுக்கலாமா? ஹீமோகுளோபின் குறைவென்றால் ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றுவார்கள். அறுவை முடிந்ததும் அந்தச் சீட்டின் ஆயுளும் முடிந்தது.

கட்டி ரத்தத்தில் எழுதுவது

இன்று அதே எண்களை மருத்துவர்கள் வேறு கண்ணால் படிக்கிறார்கள். சிறுநீரகப் புற்று இருந்த இடத்தில் சும்மா இருக்கும் கட்டி அல்ல. அது உடம்பு முழுக்கப் பேசுகிறது. இதைச் சுட்டிக்காட்டியவர்களில் ஒருவர் மருத்துவர் ஸ்டாஃபர். கல்லீரலுக்குப் பரவாத நிலையிலும் சில சிறுநீரகப் புற்று நோயாளிகளுக்குக் கல்லீரல் சோதனைகள் கெட்டிருந்ததை 1961-இல் அவர் பதிவு செய்தார். சிறுநீரகத்தை எடுத்ததும் அந்த எண்கள் சரியாயின. மறுபடி ஏறினால் நோய் எங்கோ திரும்பியிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்பது பின்னால் விளங்கியது. கட்டியும் அதைச் சூழ்ந்த திசுவும் இன்டர்லூகின்-6 என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது கல்லீரலைத் தூண்டுகிறது. கல்லீரல் சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தைக் கூட்டுகிறது. இரும்பை உடம்புக்குள்ளேயே பூட்டி வைக்கும் ஹெப்சிடினையும் சுரக்கிறது. அதனால் ஹீமோகுளோபின் இறங்குகிறது. எலும்பு மஜ்ஜை பிளேட்லெட்டை அதிகமாக உற்பத்தி செய்கிறது. நியூட்ரோபில் கூடுகிறது, புற்றோடு போராட வேண்டிய லிம்போசைட் குறைகிறது. சில கட்டிகள் பாராதைராய்டு ஹார்மோனைப் போன்ற ஒரு புரதத்தைச் சுரந்து ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடுகின்றன. சிலருக்கு நேர்மாறாகச் சிவப்பணுக்கள் பெருகுவதும் உண்டு. இந்தப் பெருக்கத்தோடு தொடர்புடைய, சிறுநீரகப் புற்றின் பெரும்பகுதியில் கெட்டுப்போயிருக்கும் வி.எச்.எல். மரபணுவை 1993-இல் கண்டுபிடித்தார்கள். அதையொட்டி உடம்பு ஆக்சிஜனை உணரும் விதத்தை விளக்கிய கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எண்களை வைத்து எதிர்காலத்தைக் கணிக்கும் வேலை முதலில் நோய் பரவிவிட்டவர்களிடம் தொடங்கியது. 1999-இல் நியூயார்க்கின் ராபர்ட் மோட்சர் குழு ஐந்து கூறுகளை எடுத்தது. அவற்றில் மூன்று ரத்தத்திலிருந்து வந்தவை: ஹீமோகுளோபின், கால்சியம், எல்.டி.எச். என்ற நொதி. ஒரு கெட்ட கூறும் இல்லாதவர்கள் இடைநிலை அளவில் 20 மாதம், ஓரிரண்டு உள்ளவர்கள் 10 மாதம், மூன்றும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 4 மாதம் வாழ்ந்தார்கள். நல்ல மருந்து இல்லாத காலத்துக் கணக்கு அது. 2006-இல் சுனிடினிப் போன்ற மாத்திரைகள் வந்த பிறகு, 2009-இல் டேனியல் ஹெங் குழு கணக்கைப் புதுப்பித்தது. இம்முறை ஆறு கூறுகள். அவற்றில் நான்கு ரத்தத்திலிருந்து: ஹீமோகுளோபின், நியூட்ரோபில், பிளேட்லெட், கால்சியம். இரண்டாண்டு உயிர்வாழ்ந்தவர்கள் நல்ல பிரிவில் 75 விழுக்காடு, நடுப்பிரிவில் 53, மோசமான பிரிவில் 7. உலகெங்கும் எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்று இன்றும் இந்தப் பிரிவை வைத்தே முடிவெடுக்கிறார்கள்.

பிறகு அறுவை முடிந்தவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அறுவைக்கு முன் சி.ஆர்.பி. உயர்ந்திருந்தவர்களுக்கும், அறுவைக்குப் பின் சில வாரங்கள் கழித்தும் அது இறங்காதவர்களுக்கும் நோய் திரும்புவது அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டின. பிளேட்லெட் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தவர்களிடமும் அப்படியே. இவற்றில் மிக எளியது நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுக்கும் கணக்கு.

ஒரு ரத்தச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே ஹீமோகுளோபின், அடுத்து மொத்த வெள்ளை அணுக்கள், அதற்குக் கீழே விழுக்காட்டில் ஐந்து வரிகள். நியூட்ரோபில் 62, லிம்போசைட் 31 என்று இருந்தால் வகுத்து வருவது 2. நியூட்ரோபில் 78, லிம்போசைட் 13 என்றால் 6. மூன்று, நான்கைத் தாண்டினால் கவலைக்குரிய பிரிவு என்று ஆய்வுகளில் எல்லை வைக்கிறார்கள். இதற்குத் தனிச் சோதனை கிடையாது, தனிக் கட்டணம் கிடையாது. லீஷ்மன் சாயம் ஊற்றி நூறு அணுக்களை எண்ணிய அந்தப் பழைய நுட்பர் எழுதி வைத்த அதே இரண்டு எண்கள்தான் இவை. வாலஸ் கோல்டர் 1953-இல் காப்புரிமை பெற்ற முறையில் அணுக்களை எண்ணும் இயந்திரங்கள் இன்று சிறிய ஊர்களுக்கும் வந்துவிட்டன. ஒரு காலைப் பொழுது ஒரு நிமிடமாகச் சுருங்கிவிட்டது.

நம் ரத்தத்துக்கு நம் அளவு

இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். இந்த எண்கள் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. காற்று மாறுவதைப் பார்த்துக் கரை திரும்பும் மீனவர் ஒவ்வொரு முறையும் புயலைச் சந்திப்பதில்லை. ஆனாலும் அவர் பார்ப்பதை நிறுத்துவதில்லை. விகிதம் 6 என்று வந்தவர் எல்லோருக்கும் நோய் திரும்பாது. 2 என்று வந்தவர் எல்லோரும் தப்புவதும் இல்லை. பல்லில் சீழ் இருந்தாலும் நியூட்ரோபில் ஏறும். ஸ்டீராய்டு சாப்பிட்டாலும் ஏறும். காசநோய் இருந்தால் ஈ.எஸ்.ஆர். ஏறும். டெங்கு வந்தால் பிளேட்லெட் இறங்கும். ஆகவே அறுவைக்குப் பிந்தைய முடிவுகளுக்குக் கட்டியின் அளவு, பரவிய நிலை, செல்லின் தரம் இவற்றையே இன்றும் வழிகாட்டி நெறிகள் முதலில் வைக்கின்றன. ரத்தம் துணைச் சாட்சி.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. மேலைநாட்டு நோயாளிகளை வைத்துக் கட்டிய கணக்கில் ஹீமோகுளோபின் குறைவு என்றால் அது கட்டியின் வேலை என்று பொருள் கொள்ளலாம். குப்பத்தில் மீன் கூடை சுமந்து விற்கும் ஒரு தாய்க்கு ஹீமோகுளோபின் 9 என்றால், அது கட்டியால் வந்ததா, கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தானா?

இதற்கு விடை சொல்லக்கூடியது அவருடைய பழைய சீட்டு ஒன்றுதான். இரண்டு ஆண்டுக்கு முன் பிரசவத்துக்கோ காய்ச்சலுக்கோ எடுத்த ரத்தத்தில் 9 இருந்திருந்தால், பழியைக் கட்டியின் மேல் போட முடியாது. அன்று 12 இருந்து இன்று 9 என்றால் அது வேறு கதை. எந்த ஊர் ஆய்வு வகுத்த எல்லையை விடவும் ஒருவருக்கு அவருடைய சொந்தப் பழைய எண்ணே சரியான அளவுகோல். அந்த அளவுகோலைத்தான் நாம் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

விலை உயர்ந்த மருந்தும் ஒரு சொட்டு ரத்தமும்

நாற்பது ஆண்டில் ஊரும் மாறிவிட்டது. நெம்மேலியில் இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டு ஆலைகள். 2013-இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு ஒன்று, 2024-இல் 15 கோடி லிட்டர் திறனோடு மற்றொன்று. கழிமுகத்தின் மேலே போடப்பட்ட சாலை இந்த ஊரைத் திருப்போரூரோடும் பழைய மாமல்லபுரம் சாலையோடும் இணைக்கிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்; அதன் உச்சவரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். 1990-இல் அமெரிக்காவில் ரால்ஃப் கிளேமன் தொடங்கிய, துளையிட்டுச் சிறுநீரகத்தை எடுக்கும் அறுவை இன்று சென்னையைச் சுற்றி வழக்கமாகிவிட்டது. சிறிய கட்டி என்றால் கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிறார்கள்.

அறுவைக்குப் பிந்தைய மருந்திலும் காலம் மாறியிருக்கிறது. சுனிடினிப், சோராஃபெனிப் இரண்டையும் அறுவை முடிந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2016-இல் வெளியாயிற்று; நோய் திரும்புவதை அவை தடுக்கவில்லை. பிறகு நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் வந்தது. திரும்பும் வாய்ப்பு அதிகமுள்ள 994 பேரிடம் நடந்த ஆய்வின் உயிர்வாழ்வு முடிவு 2024-இல் வெளிவந்தது. நான்காண்டுகளுக்குப் பின் மருந்து பெற்றவர்களில் 91.2 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 86 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள்.

அந்த எண்களை மறுமுறை படியுங்கள். மருந்து இல்லாமலே நூற்றில் 86 பேர் இருந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, 17 தவணை, செலவு லட்சக்கணக்கில், சிலருக்குத் தைராய்டையும் குடலையும் பாதிக்கும் பக்கவிளைவு. இது யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரிக்கத் தெரிந்தால் எத்தனை குடும்பங்களின் படகும் நகையும் தப்பும்! ரத்த அடையாளங்களை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

பிரித்துச் சொல்லும் திசையில் இப்போது முன்னால் நிற்பது கிம்-1 என்ற புரதம். சிறுநீரகம் காயப்படும்போது அதன் நுண்குழாய்களில் தோன்றும் புரதமாக 1998-இல் ஜோசப் பான்வென்ட்ரேயின் ஆய்வகம் இதை அடையாளம் கண்டது. சிறுநீரகப் புற்றில் மிகப் பரவலான வகை அதே நுண்குழாயிலிருந்து பிறப்பதால் கட்டியும் இதைச் சுரக்கிறது. முன்பு தோற்றுப்போன சுனிடினிப் ஆய்வில் சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பின்னால் எடுத்துப் பார்த்தார்கள். அறுவைக்குப் பிறகும் கிம்-1 அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பியிருந்தது. அட்டெசோலிசுமாப் என்ற மருந்தின் ஆய்விலும் அப்படியே. மொத்தமாகப் பார்த்தால் அந்த மருந்து பலன் தரவில்லை. ஆனால் கிம்-1 உயர்ந்திருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது பலன் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தது என்று 2024-இல் அறிவித்தார்கள். மேலும் ஆய்வுகள் உறுதிசெய்ய வேண்டும். நம் ஊர் ஆய்வகங்களில் இது இன்னும் வழக்கமான சோதனையாக வரவில்லை. இதில் எனக்குப் பிடித்த பாடம் ஒன்று உண்டு: தோற்ற ஆய்வின் பழைய ரத்தத்தை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தான் இந்த அறிவு கிடைத்தது.

மாறாதது

புறநோயாளர் பிரிவில் இந்தப் பேச்சு இன்றும் காதில் விழும். சிஸ்டர் கேட்பார்: "ஐயா, ஆப்ரேஷனுக்கு முன்னாடி எடுத்த ரத்தச் சீட்டு வச்சிருக்கீங்களா?" பதில் வரும்: "அதான் ஆப்ரேஷன் முடிஞ்சிடுச்சேம்மா. அந்தச் சீட்டெல்லாம் இன்னாத்துக்குன்னு எடுத்துப் போட்டுட்டோம்."

இவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தச் சீட்டு எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறது, கடலுக்குப் போகிறார், பிறகு ஏன் ஒரு நாள் கூலியை விட வேண்டும்? பெரும்பாலும் முதல் ஐந்தாண்டுக்குள் இந்த நோய் திரும்புகிறது. பத்தாண்டு கழித்துத் திரும்புவதும் உண்டு. நன்றாக இருக்கும்போதே பார்க்க வேண்டிய நோய் இது.

இன்னொரு காரணத்துக்காகவும் ரத்தம் பார்க்க வேண்டும். ஒரு சிறுநீரகம் போனவருக்கு மிஞ்சியது ஒன்றுதான். அதன் நிலையைக் கிரியாட்டினின் சொல்லும். இடுப்பு வலி, தோள்பட்டை வலி என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் அந்த ஒன்றையும் மெல்ல மெல்லக் கெடுக்கும். புற்றிலிருந்து தப்பியவர் டயாலிசிஸில் போய் நிற்கக் கூடாது. உயர் ரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் உடல் பருமனும் சிறுநீரகப் புற்றுக்கு வழிவகுப்பவை. அவற்றில் ரத்த அழுத்தம், மிஞ்சிய சிறுநீரகத்துக்கும் எதிரி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதே கையோடு, அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களின் பெயரையும் அடுத்த சோதனை நாளையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். புதிய கட்டடமோ புதிய இயந்திரமோ வேண்டியதில்லை.

மருத்துவமனைகளிடம் நான் கேட்பது ஒரு பத்தி. வீட்டுக்கு அனுப்பும் டிஸ்சார்ஜ் சீட்டில், அறுவைக்கு முந்தைய ஹீமோகுளோபின், நியூட்ரோபில், லிம்போசைட், பிளேட்லெட், சி.ஆர்.பி., கால்சியம், கிரியாட்டினின் ஆகிய ஏழு எண்களையும் தமிழில் எழுதுங்கள். எந்த மாதம் மறுபடி ரத்தமும் ஸ்கேனும் பார்க்க வேண்டும், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று அதற்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள்.

வீட்டாரிடம் கேட்பதும் ஒன்றே. ரேஷன் அட்டையும் காப்பீட்டு அட்டையும் வைக்கும் பையிலேயே ரத்தச் சீட்டுகளையும் தேதி வாரியாக வையுங்கள். கைபேசியில் படம் எடுத்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வையுங்கள். சாலி குழாயைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த காலத்தில் இந்த எண்களைப் படிக்கத் தெரியாமல் ஆட்களை இழந்தோம். அதற்கு மன்னிப்பு உண்டு. படிக்கத் தெரிந்த காலத்தில் சீட்டு கையில் இல்லாததால் ஒருவரை இழந்தால் அதற்கு மன்னிப்பு கிடையாது.